சந்தனம் வச்ச முட்டைகள்

என் மகன் போன மாசம் ஆன்லைன்ல முட்டை பொரிக்கிற மெஷின் ஒண்ணு வாங்குனான். பிளாஸ்டிக் பெட்டி. மூடியில கண்ணாடி. உள்ள சூடு எவ்வளவுன்னு பச்சை எழுத்துல காட்டுது, முட்டையை அதுவே திருப்பியும் விடுது. வந்த அன்னைக்கே மருமக அதுக்கு மஞ்ச குங்குமம் வச்சு சூடம் காட்டுனா. நான் அடுப்படியிலேருந்து ஓடி வந்து, "பெட்டிக்கு மட்டும்தானே வச்சே? முட்டைக்கு வைக்கலியே?"ன்னு கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. கிழவிக்குக் கொஞ்சம் கழண்டு போச்சுன்னு நினைச்சிருப்பா, பாவம்.

மூணு வாரம் கழிச்சுப் பாதி முட்டை பொரிச்சுது, பாதி கூமுட்டை. மகன் தலையில கை வச்சு உக்காந்துட்டான். "எல்லாம் கரெக்டாத்தானே செஞ்சேன், எங்கம்மா தப்பு?"ங்கிறான். "நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூடியத் தொறந்து வீடியோ எடுத்தே?"ன்னேன். போனை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டான். இதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய ஆளு அடுத்த ரூம்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு சீரியல் பாத்துக்கிட்டு இருக்கு. என் சித்தி. அம்மா கூடப் பொறந்த தங்கச்சி. அது அங்கேருந்தே, "மூடுடா அதை!"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. அவ்வளவுதான் அதோட வைத்தியம்.

அறுபதைத் தாண்டுன நம்ம ஆளுங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். முழங்கால் வலி, சுகர் மாத்திரைன்னு பேசுன நேரம் போதும். கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்க.

எனக்குப் பத்து வயசு இருக்கும். வலங்கைமான் பக்கம் எங்க ஊரு. அந்த வருஷம் மேட்டூர் தொறக்க லேட்டாயி குறுவை போயிடுச்சு. வாய்க்கால்ல பசங்க கோலிகுண்டு ஆடிக்கிட்டு இருந்தாங்க. அந்தச் சமயத்துலதான் சித்தி ஒரு தகரப் பெட்டியோட எங்க வீட்டுல வந்து இறங்குச்சு. சித்தப்பா சிங்கப்பூருக்குப் போனவரு. முதல்ல கடுதாசி வந்துச்சு, அப்புறம் எப்பவாவது வந்துச்சு, அப்புறம் வரவே இல்ல. "அவன் வந்தாச் சொல்லி அனுப்புறோம்"னு மாமியார் வீட்டுல பஸ் ஏத்தி விட்டுட்டாங்க. அவன் எப்ப வர்றது, இவங்க எப்ப சொல்லி அனுப்புறது!

அப்பா ஒரு வார்த்தை சொல்லல. வான்னும் சொல்லல. குத்தகை நிலத்தை நம்பி இருக்கிற மனுஷன், அந்த வருஷம் சிரிக்கிறதையே மறந்துட்டாரு. ஆனா அது எங்களுக்குப் புரியல. சித்தி வந்ததாலதான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காருன்னு அம்மா நினைச்சுது, நானும் நினைச்சேன். சித்தியும் அப்படித்தான் நினைச்சிருக்கும். அப்பா உள்ள வந்தா எழுந்து கொல்லைப் பக்கம் போயிடும்.

எனக்கு அது வந்ததுல கொண்டாட்டம். ராத்திரி அது பக்கத்துலதான் படுப்பேன். அதுக்கிட்ட ஒரு வாசனை இருக்கும், சீயக்காயும் வெத்தலையும் கலந்த மாதிரி. இப்பவும் இருக்கு. இப்ப கூட கொஞ்சம் தைலமும் சேந்துக்கிச்சு.

வந்த கொஞ்ச நாள்லேயே சித்தி அம்மாக்கிட்ட சொல்லுச்சு. "அக்கா, மாமியா ஊர்ல யூனியன் ஆபீஸ்ல கோழி வளக்குறதுக்குப் பயிற்சி குடுத்தாங்க. நான் ஒரு வாரம் போனேன். பெட்டியில பல்பு போட்டு முட்டை பொரிக்கலாம். நான் செஞ்சு பாக்கட்டுமா?"

அம்மா சிரிச்சிடுச்சு. உங்களுக்குத் தெரியும்ல, கோழிக்கு அடை வைக்கிறதுன்னா நம்ம வீடுகள்ல எப்படின்னு. கூடையில மணலைப் பரப்பி, மேல வைக்கோலைப் போட்டு, முட்டையை அடுக்கி, ஓரத்துல ஒரு இரும்பு ஆணியும் ஒரு துண்டு அடுப்புக்கரியும் வைக்கணும். இடி இடிச்சா முட்டை கெட்டுப்போகாம ஆணியும் கரியும் பாத்துக்கும். அப்புறம் கோழியைத் தூக்கி மேல உக்கார வச்சா அது பாட்டுக்குப் பொரிச்சுக்கும். இதுல பல்புக்கு என்ன வேலை? ஆனா கோழி அடையில உக்காந்துட்டா முட்டை போடுறதை நிறுத்திடும். உக்காரவும் ஒண்ணோ ரெண்டோதான் உக்காரும். பெட்டின்னா நிறைய வைக்கலாம், குஞ்சை வித்து நம்ம காலுல நாம நிக்கலாம். சித்தி இதைத்தான் சொல்லுச்சு. அம்மா சிரிப்பை நிறுத்திடுச்சு.

டீக்கடையிலேருந்து ஒரு தேயிலைப் பெட்டி வந்துச்சு. பாத்திருப்பீங்க, ஒட்டுப் பலகையில சதுரமா, ஓரத்துல தகரம் அடிச்சு, உள்ள பூரா ஈயத்தாள் ஒட்டியிருக்கும். தலையை உள்ள விட்டா டீத்தூள் வாசனை கும்முன்னு அடிக்கும். சித்தி அதுக்குள்ள ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கீழ ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சு, மூடியில ஓட்டை போட்டு, முட்டைகளை அடுக்குச்சு. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் கரியால பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலையில பெருக்கல் மேல, மத்தியானம் வட்டம் மேல, சாயங்காலம் மறுபடி பெருக்கல், மறுநாள் காலையில வட்டம். திருப்பலேன்னா உள்ள இருக்கிற குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும்.

உள்ள சூடு எவ்வளவுன்னு பாக்கணுமே? எங்க வீட்டுல இருந்தது ஒரே ஒரு தர்மாமீட்டர், வாயில வச்சுக் காய்ச்சல் பாக்குற கண்ணாடிக் குச்சி. முட்டைக்கு வேண்டியது ஏறக்குறைய நூறு டிகிரி. இந்தக் குச்சியிலயும் நூறு இருக்கு. அதைத் தூக்கி முட்டைங்களுக்கு நடுவுல வச்சாச்சு. காலையில பாத்தா நூறு, ராத்திரி பாத்தா நூறு. சித்திக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அசையவே இல்ல!"ங்கும்.

ஐயோ, அசையாது. எப்படி அசையும்? ஆனா அப்ப யாருக்குத் தெரியும்?

முதல் தடவை ஒண்ணு கூடப் பொரிக்கல. நாள் தாண்டி ஒரு வாரம் விட்டுப் பாத்தோம். ஒரு முட்டை பெட்டிக்குள்ளேயே வெடிச்சுது. அந்த நாத்தம் இருக்கே, சாமி! நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து என்னென்னவோ மோந்து பாத்துட்டேன், அதுக்கு ஈடா ஒண்ணும் வரல. வாழை மரத்தடியில குழி வெட்டிப் புதைச்சோம். அப்பா வாசல்ல நின்னு மூக்கைத் துண்டால பொத்திக்கிட்டு, "கூமுட்டைக் கம்பெனி ஓனர் எங்க?"ன்னு கேட்டாரு. பக்கத்து வீட்டுல சிரிச்சாங்க. சித்தி மண்வெட்டியைக் கீழ போடாம புதைச்சு முடிச்சுது.

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல். அம்மா பெட்டியிலேருந்து தர்மாமீட்டரை எடுத்து, மணிக்கட்டைச் சொடுக்கி நாலு உதறு உதறி, என் வாயில வச்சுது. சித்தி பாத்துக்கிட்டே இருந்துச்சு.

"ஏக்கா உதறுறே?"

"உதறாட்டி பழைய சூடே நிக்கும்ல? இது ஏறும், தானா இறங்காது."

சித்தி அப்படியே தரையில உக்காந்துடுச்சு. கரண்டு போயி பெட்டி பச்சத்தண்ணியா கிடந்தப்பக் கூட அந்தக் குச்சி நூறுலயே நின்னுருக்கு. நாங்க அதைப் பாத்து சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்திருக்கோம். சித்தி அழும்னு பாத்தேன், விழுந்து விழுந்து சிரிக்குது. "அக்கா, நான்தான்டி கூமுட்டை!"ங்குது. காய்ச்சலோட நானும் சிரிச்சேன், வாயிலேருந்து குச்சி விழப் பாத்துச்சு.

ரெண்டாவது தடவை புரட்டாசியில வச்சுது. இந்தத் தடவை ரொம்ப உஷார். ஒரு வாரத்துக்கு மேல பழசான முட்டை கிடையாது. கூர் நுனி கீழ. சாணி ஒட்டியிருந்தா நகத்தால சுரண்டணும், தண்ணி விட்டு அலம்பக் கூடாது. நான் ஒரு நாள் ஆசையா ரெண்டு முட்டையை அலம்பிக் குடுத்தேன், அதைக் குழம்புல போட்டுடுச்சு. தர்மாமீட்டரை உதறி உதறித்தான் பாக்கும். கரண்டு போனா அரிக்கேன் லைட்டை உள்ள இறக்கும். ஒரு வாரம் ஆனதும் என்னை இருட்டு அறைக்குக் கூட்டிட்டுப் போயி, முட்டையைக் கைக்குழிக்குள்ள வச்சு கீழேருந்து டார்ச் அடிச்சுது. உள்ள சிவப்பா நூல் நூலா ஓடுது. நடுவுல ஒரு புள்ளி துடிக்குது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்தோம், அனேகமா எல்லாத்துலயும் உசுரு இருந்துச்சு.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு.

நம்ம பக்கம் ஆயுத பூஜைன்னா சும்மாவா? அப்பா கலப்பையைக் கழுவி, அருவா, மண்வெட்டி, கடப்பாரை, சைக்கிள், எல்லாத்தையும் வரிசையா வச்சு சந்தனம் குங்குமம் வச்சாரு. என் ஜாமெட்ரி பாக்ஸுக்குக் கூட ஒரு பொட்டு. சித்தி அன்னைக்கு அம்மாவோட கோயிலுக்குப் போயிருந்துச்சு. அப்பா சந்தனக் கிண்ணத்தோட கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் தேயிலைப் பெட்டிக்கிட்ட போனாரு. பெட்டிக்கு நாலு பக்கமும் வச்சாரு. அதோட விடல. மூடியைத் தொறந்து, எதையும் அசைக்காம, ஒவ்வொரு முட்டை மேலயும் மூணு விரலால பட்டையா சந்தனம் பூசி, நடுவுல குங்குமம் வச்சாரு. அப்பாவுக்குக் கை தாராளம், கெட்டியா அரைச்ச சந்தனம் வேற. மூலையில இருந்த நாலஞ்சு முட்டைக்குக் கிண்ணத்துல மிச்சம் இல்ல. நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா? மஞ்ச மஞ்சேர்னு, சாமி படத்துக்கு முன்னாடி வைக்கலாம் போல.

சித்தி வந்து முட்டையைத் திருப்பப் போச்சு. பாத்துட்டு, "யாருடி வச்சா?"ன்னு கேட்டுச்சு. அப்பான்னேன். அது பெட்டி மேல குனிஞ்சுச்சு. முந்தானை நுனியை எடுத்து ஒரு முட்டைக்கிட்ட கொண்டு போச்சு, துடைக்காம கையை இழுத்துக்கிச்சு. பல வருஷம் கழிச்சு நான் கேட்டப்ப சொல்லுச்சு: "வந்ததுலேருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத மனுஷன், என் பெட்டியை மதிச்சு வச்சாருடி. அதை எப்படித் துடைப்பேன்?"

நாள் வந்தப்ப நாலஞ்சு முட்டைதான் பொரிச்சுது. மூலையில சந்தனம் கிடைக்காம போச்சே, அதுங்க மட்டும். மத்ததை சித்தி ஒவ்வொண்ணா உடைச்சுப் பாத்துச்சு. உள்ள முழுசா வளந்த குஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு. முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்கு, குஞ்சு அது வழியாத்தான் மூச்சு விடுது. சந்தனம் காஞ்சு அதை அடைச்சிடுச்சு. சித்திக்கு அங்கேயே புரிஞ்சு போச்சு. உடைச்சதையெல்லாம் முறத்துல அள்ளி, யாரும் பாக்குறதுக்கு முன்னாடி குழியில போட்டு மூடிடுச்சு.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அவரு அன்னைக்கு சத்தம் போடல, அதுதான் எங்களுக்குப் பயமா இருந்துச்சு. சாப்பிட்டுக் கை கழுவிட்டு அம்மாக்கிட்ட சொன்னாரு. "மெட்ராஸ்ல நம்ம ஒண்ணுவிட்ட அண்ணன் வீட்டுல சமைக்க ஆள் வேணுமாம். தங்க இடம், சாப்பாடு, துணிமணி எல்லாம் குடுத்துடுவாங்க. தை பொறந்ததும் பாப்பாவை அனுப்பிடுவோம். இங்க இருந்து எதுக்கு மனசு ஒடிஞ்சு போவணும்?"

பாப்பான்னா சித்தி. அம்மா வீட்டுல அதுக்கு அதுதான் பேரு, அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவாரு. கதவுக்குப் பின்னாடி நின்னு சித்தி கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் அது புடவையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். 'உங்க சந்தனம்தான் அத்தான் காரணம்'னு ஒரு வார்த்தை வெளிய போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லல.

அம்மாதான் பேசுச்சு. அம்மா அப்பாவை எதுத்துப் பேசி நான் பாத்ததில்ல. சாப்பிட்ட எடத்தைத் துடைச்சுக்கிட்டே, தலையைத் தூக்காம சொல்லுச்சு: "இன்னொரு தடவை வைப்பா. அதுவும் வரலேன்னா நானே கொண்டு போய் விட்டுட்டு வர்றேன்."

அப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்குப் போனாரு. சரின்னுதான் அர்த்தம்.

மூணாவது தடவைக்கு முட்டை, கூத்தாநல்லூர்லேருந்து சைக்கிள்ல வர்ற முட்டைக்கார பாய் கொண்டு வந்து குடுத்தாரு. உமியில புதைச்சு, ஒரு கீறல் இல்லாம. "சேவலோட திரியுற கோழிங்கதாம்மா, நானே பாத்து எடுத்தேன்"னாரு. கார்த்திகை பொறந்து அடை வச்சாச்சு. அம்மா யாருக்கும் தெரியாம பெட்டிக்குள்ள ஒரு ஆணியும் கரித்துண்டும் போட்டுச்சு. சித்தி பாத்துட்டுக் கேட்டப்ப, பல்போ கோழியோ, இடி இடிதானேன்னுச்சு. சித்தி எடுத்துப் போடல, அது பாட்டுக்கு ஓரத்துல கிடந்துச்சு.

பெரிய கார்த்திகை அன்னைக்கு வீடு பூரா அகல் விளக்கு. அப்பா பெட்டிக்கிட்டயும் ஒண்ணு ஏத்தி வச்சாரு. கையில சந்தனக் கிண்ணம். மூடியில கை வச்சாரு. சித்தி கொல்லையிலேருந்து ஓடி வந்துச்சு. அப்பா முன்னாடி அது அப்படி ஓடி வந்ததே இல்ல.

"அத்தான், பெட்டிக்கு மட்டும் வைங்க. முட்டைக்கு வேணாம்."

"ஏன்?"

"அதுக்கு மூச்சு முட்டும்."

அப்பா கிண்ணத்தைப் பாத்தாரு. மூடியைப் பாத்தாரு. "அப்ப போன தடவை..."ன்னாரு. சித்தி குனிஞ்சு விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுச்சு. நல்லா எரிஞ்சுக்கிட்டு இருந்த விளக்குதான். அப்பா மூடியிலேருந்து கையை எடுத்தாரு. பெட்டி மேல கடுகு அளவு ஒரே ஒரு பொட்டு வச்சுட்டு வெளிய போயிட்டாரு. அன்னைக்கு அவரு பொரியுருண்டை கூடத் தின்னல.

சித்தி அவ்வளவு நாளா தன் மேல பழியைப் போட்டுக்கிட்டு இருந்தது அவருக்கு அப்பத்தான் உறைச்சிருக்கும். மெட்ராசுக்கு அனுப்புறதும் கரிசனமாத்தான் சொன்னாரு, அது எங்களுக்குப் புரியல. சந்தனமும் கரிசனமாத்தான் வச்சாரு. மனுஷன் பாவம், அவரு அக்கறை எதைத் தொட்டாலும் நேர்மாறாப் போய் முடிஞ்சுது.

முட்டை பொரிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் இருக்கிறப்ப புயல் சின்னம்னு ரேடியோவுல சொன்னான். நாகூர்ப் பக்கம் கரையைக் கடக்குதுன்னான். எங்களுக்கு மழையும் காத்தும். கரண்டு கம்பம் சாஞ்சுது, ஊரே இருட்டு. அரிக்கேன் லைட்டுக்கு இருந்த மண்ணெண்ணெய் ஒரு நாள் தாங்குச்சு. தர்மாமீட்டரை உதறி வச்சா, ஏறவே மாட்டேங்குது.

அப்பா சாக்கைத் தலையில போட்டுக்கிட்டுக் கிளம்புனாரு.

"இந்த மழையில எங்க போறீங்க?"ன்னு அம்மா கத்துச்சு.

"ரைஸ் மில்லுக்கு. உமி சூடு விட்டுப்போவாதுல்ல?"

அவருக்கு அந்த யோசனை எப்படி வந்துச்சோ. வாய்க்கால் ரோட்டை மேவி ஓடுது, சைக்கிளை உருட்டிக்கிட்டு ஒரு மூட்டை உமியோட வந்தாரு. தலை முதல் கால் வரை தொப்பல். ஆனா மூட்டையைத் தார்ப்பாயில சுத்தி, தான் நனைஞ்சு அதை நனைய விடாம கொண்டு வந்திருந்தாரு. இரும்புச் சட்டியில உமியை வறுத்து, கோணிப்பையில கட்டி, பெட்டியைச் சுத்தியும் மேலயும் அணைச்சு வச்சோம். சூடு நின்னுச்சு. ஆற ஆற வறுத்தோம்.

மறுநாள் காலையில ரெண்டு கஷ்டம் ஒண்ணா வந்துச்சு. விறகு பூரா நனைஞ்சு அடுப்பு பத்தல. அப்பாவுக்குக் குளிர் காய்ச்சல் தூக்கிப் போடுது. வீட்டுல தர்மாமீட்டர் ஒண்ணுதான். அம்மா அதை உதறிப் பெட்டிக்குள்ள வச்சு எடுத்துச்சு, தொண்ணூத்தஞ்சு. மறுபடி உதறி அப்பா வாயில வச்சுது, நூத்தி ரெண்டு.

"பெட்டி குளுந்து போச்சு. இந்த மனுஷன் உடம்பு அடுப்பாக் கொதிக்குது"ன்னு அம்மா சும்மா புலம்புச்சு. புலம்பிட்டு, டக்குன்னு நிறுத்திடுச்சு. சித்தியைப் பாத்துச்சு. சித்தி அம்மாவைப் பாத்துச்சு. அப்புறம் ரெண்டு பேரும் திரும்பி அப்பாவைப் பாத்தாங்க.

அப்பா போர்வைக்குள்ளேருந்து, "என்ன, ரெண்டு பேரும் என்னையே பாக்குறீங்க?"ன்னாரு.

நெசமாத்தான் சொல்றேன், சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, நானும் சிரிச்சேன். பழைய வேட்டியில முட்டைகளைப் பொதிஞ்சு, அப்பாவுக்கு ரெண்டு பக்கமும், இடுப்புலயும் வயித்துலயும் அணைச்சு வச்சு, மேல ரெண்டு போர்வை, அதுக்கு மேல எங்க எல்லாப் புடவையும். இடம் பத்தாம மிச்சத்தை அம்மா மடியில கொஞ்சம், சித்தி மடியில கொஞ்சம். எனக்கு ரெண்டு முட்டை, அக்குளுக்கு ஒண்ணா. நாலு பேரும் ஆடாம அசையாம உக்காந்திருக்கோம். அப்பா மூச்சு விடவே பயப்படுறாரு. இருமல் வருது, மூஞ்சி சிவக்க அடக்குறாரு.

"அத்தான், இருமிக்கங்க, பரவால்ல"ங்குது சித்தி.

"நீ சும்மா இரு பாப்பா, உடைஞ்சிடும்"ங்குறாரு அப்பா.

சித்தி வந்ததுலேருந்து அவரு அதோட இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்ல. அன்னைக்கு முழுக்கப் பேசுனாங்க. முட்டையை எத்தனை தடவை திருப்பணும், ஏன் திருப்பணும், கூர் நுனி ஏன் கீழ. கடைசியில அப்பா கேட்டாரு. "நீ ஏன் அன்னைக்கே சொல்லல?" சித்தி மடியில இருந்த முட்டையைத் திருப்பி வச்சுக்கிட்டே, "சொன்னா இனிமே பொட்டு வைக்க மாட்டீங்களே"ன்னுச்சு. அப்பா மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாரு, கண்ணு ஓரமா தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. துடைக்கக் கையைத் தூக்குனா முட்டை உருண்டுடும். அம்மா துடைச்சு விட்டுச்சு.

சாயங்காலம் மழை விட்டு, பக்கத்து வீட்டுலேருந்து காஞ்ச விறகு வந்துச்சு. அடுப்பைப் பத்த வச்சுக்கிட்டு இருக்கோம், அப்பா மெதுவாக் கூப்பிடுறாரு.

"ஏ பாப்பா. இங்க வா. என் இடுப்புல யாரோ கத்துறான்."

ஓடிப் போய்க் காதை வச்சோம். முட்டைக்குள்ளேருந்து கீச் கீச்சுன்னு. ஒண்ணு, அப்புறம் இந்தப் பக்கம் இன்னொண்ணு. சித்தி வாயைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. முதல் ரெண்டு தடவை அழாத ஆளு.

உமியை வறுத்துப் பெட்டியைச் சூடாக்கி எல்லாத்தையும் திரும்ப அடுக்குனோம். அப்பா காய்ச்சலோட பெட்டிக்குப் பக்கத்துலயே பாயை இழுத்துப் போட்டுப் படுத்துக்கிட்டாரு. பொரிக்கிற நேரத்துல மூடியைத் தொறந்தா ஈரம் போயி, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறுகிக்கும்னு சித்தி சொல்லியிருந்துச்சு. அதைக் கேட்டதுலேருந்து அப்பாவை யாராலயும் தாண்ட முடியல. பாக்கணும்னு நான் மூடிக்குக் கையை நீட்டுனேன். "தொறந்தே, கையை ஒடிச்சிடுவேன்!"ன்னாரு. அம்மாவையே விடல.

அவரா போதும்னு சொன்ன அப்புறம் சித்தி மூடியைத் தொறந்துச்சு. ஈயத்தாள் பூரா மஞ்ச மஞ்சேர்னு குஞ்சுங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு. நாலஞ்சு முட்டை போச்சு, மத்ததெல்லாம் குஞ்சு. நடுவுல அம்மாவோட ஆணி கிடந்துச்சு, அதை ஒண்ணு கொத்திக்கிட்டு இருந்துச்சு.

தை பொறந்து, ஒண்ணுவிட்ட பெரியப்பா மெட்ராஸ்லேருந்து வந்தாரு. "எங்கே, கிளம்பலாமா?"ன்னாரு. அப்பா குஞ்சுக்கு நொய் போட்டுக்கிட்டே திரும்பிப் பாக்காம சொன்னாரு. "எந்த மெட்ராசு? இங்க ஆளில்லாம நாங்களே திண்டாடுறோம்." ஊர்க்காரங்க அப்பாவுக்கு அடைக்கோழின்னு பேரு வச்சுட்டாங்க. அவரு அதுக்குக் கோவிச்சுக்கவே இல்ல, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

சித்தி எங்களோடயே இருந்துச்சு. சித்தப்பா வரவே இல்ல, போகட்டும். தேயிலைப் பெட்டி ரெண்டாச்சு, நாலாச்சு, அப்புறம் கொல்லையில ஒரு கொட்டகை. கரையான் அரிச்சு அந்த முதல் பெட்டி போயே போச்சு. நான் நர்சிங் படிச்சேன்னா அது சித்தியோட கோழிங்க படிக்க வச்ச படிப்பு. ஆஸ்பத்திரியில மொத நாள் தர்மாமீட்டரைக் குடுத்து எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தந்தாங்க. நான் சொடுக்கி உதறுன உதறைப் பாத்து சிஸ்டர் அசந்துட்டாங்க. எத்தனையோ பேருக்கு வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் எங்க வீட்டு நாலு பேரும் மனசுல வந்து போவாங்க. எனக்குக் கிடைச்ச மனுஷங்களுக்கு யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியல, அதான் உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அப்பா எங்களை விட்டுப் போன மார்கழியைச் சொல்லி முடிச்சுக்கிறேன். அம்மா அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. அப்பாவுக்கு வயசாயி, உடம்புல சூடே தங்கல. எத்தனை போர்வை போட்டாலும் நடுங்குவாரு. சித்திக்கும் அப்ப வயசுதான், முதுகு வலி வேற. அது தினம் உமியை வறுத்துத் துணிப்பையில கட்டி, அவரு காலுக்கும் இடுப்புக்கும் அணைச்சு வைக்கும். ஹீட்டர் வாங்கித் தர்றேன் சித்தின்னேன். "நீ போடி. அவரு எனக்கு அடை காத்தவரு"ன்னுடுச்சு.

கடைசி நாள் காலையில நான் என் டிஜிட்டல் தர்மாமீட்டரை வச்சேன். அது பீப்னு கத்துச்சு. அப்பாவுக்கு அது பிடிக்கல, தலையைத் திருப்பிக்கிட்டு, "பாப்பாவைக் கூப்பிடு"ன்னாரு. சித்தி வந்துச்சு. தகரப் பெட்டியிலேருந்து அந்தப் பழைய கண்ணாடிக் குச்சியை எடுத்துச்சு. இத்தனை வருஷம் உடையாம வச்சிருந்துச்சு. நாலு உதறு உதறி அவரு அக்குள்ல வச்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பாத்துச்சு. நான் பின்னாடிதான் நின்னேன், எனக்கும் தெரிஞ்சுது. பாதரசம் ஏறவே இல்ல.

"எவ்வளவு பாப்பா?"

"நூறு அத்தான்."

"அப்ப சரி. மூடி வை. சும்மா சும்மா தொறந்து பாக்காதீங்க."

சித்தி போர்வையை இழுத்து, கழுத்து வரைக்கும் மூடிவிட்டுச்சு.